ஆமை புகுந்த வீடு

‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று என் மாமியார் அடிக்கடி சொல்வார். இப்போது என்னடாவென்றால், நட்சத்திர ஆமை ஒரு ஜோடி வளர்த்தால் பணம் கொட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு என் நாத்தனாரே அதற்கு அலைகிறாள். காலம் எப்படித் தலைகீழாகிவிட்டது, பாருங்கள்!

போன வருஷம் லீவுக்கு என் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தோம். ஊருக்குத் திரும்பி வந்து பையைப் பிரித்தால், என் பத்து வயது மகனின் சாப்பாட்டுக் கூடைக்குள் துண்டைச் சுற்றி ஒரு நட்சத்திர ஆமை! கரட்டோரம் மழை விட்ட மறுநாள் புல் மேய்ந்துகொண்டிருந்ததாம். மூணு மணி நேரம் பஸ்ஸில் எங்களோடு வந்திருக்கிறது, எங்களுக்கே தெரியாமல். ஆமைதானே என்று நானும் ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து அதில் விட்டேன். அது தலையைத் தூக்கித் தூக்கித் தவித்தது. நல்ல வேளை, மாடி வீட்டு மாமி பார்த்துவிட்டு, “ஐயோ, இது தரை ஆமைடீ, நீந்தத் தெரியாது, மூழ்கிச் செத்துடும்” என்று வெளியே எடுத்தார். கையோடு, “இதை வீட்ல வெச்சிருந்தா ஜெயில்தான், தெரியுமோ?” என்று ஒரு குண்டையும் போட்டார்.

என் கணவருக்கு வியர்த்துவிட்டது. “ராத்திரியே கோயில் குளத்தில் விட்டுட்டு வந்துடறேன்” என்றார். குளத்தில் விட்டால் அதைக் கொன்ற பாவமும் சேரும். மறுநாள் காலை அட்டைப் பெட்டியில் வைத்து வனத்துறை அலுவலகத்துக்கே கொண்டு போனோம். வாசல்படி ஏறும்போது எனக்குக் கை நடுங்கியதை மறைப்பானேன்! எங்கே, எப்படிக் கிடைத்தது என்று எழுதி வாங்கிக்கொண்டு ஆமையை எடுத்துக்கொண்டார்கள். எடுத்த இடம் தெரிந்ததால், நோய் இல்லையென்று பார்த்துவிட்டு அங்கேயே விடலாம் என்றார் அங்கிருந்த அதிகாரி. மூட்டை மூட்டையாகப் பிடிபடுகிறவை எந்தச் சீமையைச் சேர்ந்தவை என்று தெரியாது. அவற்றைக் கண்ட காட்டில் விடவும் முடியாதாம்.

அப்புறம்தான் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் துப்பாக்கி தூக்குவது மட்டும் இல்லை. உயிரோடு பிடிப்பதும் வேட்டைதான், முட்டையைக் கலைப்பதும் வேட்டைதான். அனுமதி இல்லாமல் பார்சலில் ஏற்றி அனுப்பினால், ஏற்றிக்கொள்கிறவரும் குற்றவாளி. 2022-ல் திருத்தி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு நட்சத்திர ஆமை புலியோடு முதல் பட்டியலில் இருக்கிறது. தண்டனை 3 வருஷத்திலிருந்து 7 வருஷம் வரை; அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வெளிநாட்டு வியாபாரத்தையும் 2019-ல் உலக நாடுகள் கூடித் தடுத்துவிட்டன.

“ஒரு ஆமைக்கா இத்தனை கெடுபிடி?” என்று நானும் முதலில் முணுமுணுத்தேன். ஆனால் 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியாவில் ஒரே ஒரு வியாபார வட்டாரத்திலிருந்து மட்டும் வருஷத்துக்குக் குறைந்தது 55,000 குட்டிகள் பிடிக்கப்படுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இது கோழியா, மாசத்துக்கு ஒரு ஈடு குஞ்சு பொரிக்க? முட்டையிடும் பருவத்துக்கு வரவே பல வருஷம். இடுவதும் சில முட்டைகள்தான். காட்டில் பொறுக்கிக் கொடுக்கிற ஏழைக்குக் கிடைப்பது சில்லறை. அதைச் சூட்கேஸில் துணிக்குள் சுற்றி விமானம் ஏற்றுகிறவனுக்கு லட்சம். நாம் ‘வீட்டுக்கு ராசி’ என்று ஒன்று கேட்டாலும் அந்தக் கூட்டத்துக்குத்தான் காசு போகிறது. அதனால் சட்டம் கடுமையாக இருப்பதே சரி என்பேன்.

என் குறை வேறு. இதை நமக்கு யார் சொன்னார்கள்? மான் தோல், யானைத் தந்தம் என்றால் குழந்தைக்கும் தெரிகிறது. ஆமையை எடுக்கக் கூடாதென்று கரட்டோர ஊர்களின் பஸ் ஸ்டாண்டில் ஒரு போர்டு உண்டா? பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை உண்டா? தெரியாமல் கொண்டுவந்து, தெரிந்ததும் தானாக ஒப்படைக்க வருகிறவர்களையும் சூட்கேஸ்காரனையும் ஒரே தராசில் வைக்க மாட்டோம் என்று அரசாங்கம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பயந்துகொண்டே எத்தனை பேர் குளத்திலும் சாக்கடையிலும் போட்டுவிட்டுப் போவார்களோ!

எல்லாவற்றையும் நாத்தனாரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ரெண்டு நாள் கழித்துப் போன் வந்தது: “அண்ணி, பாத்திரக் கடையில பித்தளை ஆமை இருக்காம். அதுக்கும் சட்டம் ஏதாவது இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க!”

— ஒரு இல்லத்தரசி, மதுரை