மரமுகத்துக்கு அழுத ஆண்கள்

எமோஜியைப் பார்த்தால் பெண்கள் உருகுவார்கள், ஆண்கள் கட்டைவிரலைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இப்போது அதற்கு ஆய்வுச் சான்றும் காட்டுகிறார்கள். சான்றைப் பிரித்துப் பார்த்தால் பேச்சு அவ்வளவு தூரம் நிற்பதில்லை.

பெண்கள்தான் அதிகம் அனுப்புகிறார்களாம். உண்மைதான், 183 நாடுகளின் ஆண்ட்ராய்டு பயனாளர்களை வைத்து 2018-இல் வந்த ஆய்வும் அதையே சொன்னது. ஆனால் 2012-இல் வெளியான இன்னோர் ஆய்வில், முகக்குறிகளை அதிகம் அனுப்பியவர்கள் பெண்கள், விதவிதமாக அனுப்பியவர்கள் ஆண்கள். எப்படியும், அனுப்புவது கைப்பழக்கம். அதை வைத்து மனதை அளக்க முடியாது.

பெண்களுக்கே சரியாகப் புரிகிறதாம். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் பிரிட்டனையும் சீனாவையும் சேர்ந்த 523 பேர் பங்கேற்றார்கள். மகிழ்ச்சி, பயம், சோகம், கோபம் ஆகியவற்றில் பெண்கள் முந்தினார்கள். ஆச்சரியத்திலும் அருவருப்பிலும் வித்தியாசமே இல்லை. வயதும் நாடும்கூட விடையை மாற்றின. தலைப்புச் செய்திகளுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. ‘சரி’ என்பதே ஆய்வாளர்கள் முன்கூட்டி ஒட்டிய பெயர்தான். சீனாவில் புன்னகை முகத்தைக் கிண்டலுக்கும் அனுப்புவார்கள். அப்படிப் புரிந்துகொண்டவர் தவறுக் கணக்கில் விழக்கூடும்.

படமுகத்துக்கு மசிவது பெண் இயல்பு என்பவர்கள் சிசிலித் தீவின் பலெர்மோவுக்குத்தான் போக வேண்டும். அங்கே ‘ஓபெரா தெய் பூபி’ என்ற பொம்மலாட்டம் 19-ஆம் நூற்றாண்டில் செழித்திருந்தது. பித்தளைக் கவசம், உருவக்கூடிய வாள், மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய முகம். அந்த முகம் எந்தக் காட்சியிலும் மாறாது. பார்க்க வந்தவர்களோ பெரும்பாலும் உழைப்பாளி ஆண்கள். பலெர்மோவின் மருத்துவரும் நாட்டாரியலாளருமான ஜுசெப்பே பித்ரே அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். துரோகி கானோ மேடையேறினால் கையில் கிடைத்ததை அவன்மேல் எறிவார்கள். ரோன்செஸ்வால் போரில் கதாநாயகன் ஒர்லாந்தோ சாகும் இரவில் அழுவார்கள். சார்லமேன் காலத்து வீரர்களின் அந்தக் கதை மாதக்கணக்கில் தொடர்ந்து நடந்ததால், மரமுகத்துக்குப் பின்னால் இருப்பவன் யார் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

அதற்காக, ஆண் பெண் வேறுபாடே இல்லை என்று சாதிப்பதும் சரியல்ல. 2020-இல் வந்த ஓர் ஆய்வில் 70 எமோஜி முகங்களுக்கு மதிப்பெண் போட்ட மாணவர்களில், கசப்பான முகங்களைப் பெண்கள் இன்னும் கசப்பாக மதிப்பிட்டார்கள். இனிய முகங்களிலும் நடுநிலை முகங்களிலும் அந்த வித்தியாசம் இல்லை. அதுவும் யாரும் யாருக்கும் அனுப்பாத, முன்பின் செய்தி இல்லாத வெறும் படங்களுக்குப் போட்ட மதிப்பெண்.