இரண்டு வீட்டுக்கு நடுவில் ஓர் ஊசி



ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஓய்வு ஏது? வளைகாப்புக்கு நாள் பார்க்கணும், வளையல் வாங்கணும், கலந்த சாதத்துக்குச் சொல்லணும். முடிந்த கையோடு பெண் தாய்வீடு கிளம்பிவிடுவாள். தாய் சேய் நல அட்டை மட்டும் மாமியார் வீட்டு பீரோவிலேயே தங்கிவிடும்.

‘ஊசியெல்லாம் போட்டாச்சா?’ என்று அங்கே அம்மா கேட்பார். ‘ஒண்ணு போட்டாங்க. ரெண்டாவது... ஞாபகம் இல்லம்மா.’ மாமியார் கவனித்திருப்பார் என்று இவர் நினைக்க, சம்பந்தி போட்டுவிடுவார் என்று அவர் நினைக்க, நாள் ஓடிவிடும். ஊசி தவறிப்போவது பெரும்பாலும் பயத்தினால் அல்ல, இப்படித்தான்.

கணக்கு எளிதுதான். கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் முதல் டி.டி. ஊசி, நான்கு வாரம் கழித்து இரண்டாவது. போன பிரசவத்தில் இரண்டும் போட்டு, 3 வருடத்துக்குள் மறுபடி உண்டாகியிருந்தால் ஒரு பூஸ்டர் போதும். ‘மூத்தவனுக்கே போட்டாச்சே’ என்று அதையும் விட்டுவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அட்டையை செல்போனில் படம் பிடித்து இரண்டு வீட்டுக்கும் அனுப்பிவிட்டால், எங்கே போனாலும் நர்ஸம்மா பார்த்துக்கொள்வார்.

டி.டி. ஊசி எதற்கு? முன்பெல்லாம் சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடியை அறுப்பார்கள். நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த சிசு, ஒரு வாரத்துக்குள் வாயைத் திறக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து விறைத்துப்போகும். ரண ஜன்னி. பிறந்த குழந்தைகளைத் தாக்கும் இந்த நோயை இந்தியா கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டதாக 2015-ல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. அப்புறம் ஏன் ஊசி? அந்தக் கிருமி மண்ணில் இருக்கிறது, அதை யாரால் ஒழிக்க முடியும்?

கக்குவான் இருமலையும் சொல்ல வேண்டும். குழந்தைக்கு அதற்கான முதல் ஊசி ஆறாவது வாரத்தில்தான். அதுவரை பாதுகாப்பு? அம்மா போட்டுக்கொள்ளும் டீடாப் ஊசியின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. 27 முதல் 36 வாரத்துக்குள் போடச் சொல்கிறார்கள், அதாவது வளைகாப்பை ஒட்டிய நாட்களில். பல டாக்டர்கள் இரண்டாவது டி.டி.க்குப் பதிலாக இதையே போடுகிறார்கள். ஃப்ளூ ஊசியும் அப்படித்தான், தாய்க்கும் சேய்க்கும் சேர்த்தே பலன். ஆனால் தேசிய இலவசப் பட்டியலில் இவை இரண்டும் இல்லை, விலை கையைக் கடிக்கும். சீர்த்தட்டு எண்ணிக்கையில் இரண்டைக் குறைத்தால் சரிக்கட்டிவிடலாம் என்பது என் கட்சி. மாமியார்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை!

‘வயித்துல புள்ளையை வெச்சுக்கிட்டு ஊசியா?’ என்று பாட்டி பதறுவார். இந்த ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லை. கை இரண்டு நாள் வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம். டாக்டரைக் கேட்டு பாராசிட்டமால் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்.

பாட்டி சொல்வது சரியாக இருக்கும் இடமும் உண்டு. ருபெல்லா அடங்கிய எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசிகளைக் கர்ப்ப காலத்தில் போடக்கூடாது. போட்டு ஒரு மாதமாவது கழித்துத்தான் கருத்தரிக்க வேண்டும். ஆகவே புதிதாகக் கல்யாணமானவர்களே, சின்ன வயதில் இவற்றைப் போட்டீர்களா என்று இந்த வாரமே அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்