திரும்பி வரும் பயணம்

நம் கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியன் சங்கப் பாடலையோ சமய நெறியையோ பற்றி எழுதுவான் என்றே கருதியிருப்பர். நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஐரோப்பிய நெடுஞ்சாலை. பன்விலையில் இருந்துகொண்டு பாரிஸ் நகரத்துச் சாலையைப் பற்றிப் பேசுவது நகைப்பிற்கு இடமாகலாம். ஆயினும், அதனுள் நம் மாணவர்க்குரிய பாடம் ஒன்று இருப்பதாக நான் எண்ணுகின்றேன்.

நம் பழைய மாணவர் ஒருவர் பாரிஸில் வாழ்கின்றார். தம்முடன் பயின்ற இருவரையும் என்னையும் அங்கு அழைத்து, தம் மோட்டார் வாகனத்தில் ஐரோப்பாவைச் சுற்றிக் காட்ட வேண்டுமென்பது அவரது நெடுநாளைய விருப்பம். அன்பு மிகுதியால் அவர் வரைந்தனுப்பிய திட்டத்தில் பன்னிரண்டு நாட்களுக்குள் ஒன்பது நாடுகள் இருந்தன. படித்ததும் மகிழ்ந்தேன், மறுமுறை படித்ததும் சிவப்பு மையை எடுத்தேன். ஆசிரியத் தொழிலின் பழக்கம் எளிதில் விடுமா?

நான் எழுதிய முதற் குறிப்பு இது: "தம்பி, தூரத்தைக் கிலோமீற்றரால் அளக்க வேண்டாம், மணியால் அளந்து பாரும்." வத்தேகமை வழியாகக் கண்டிக்குச் செல்லும் பேருந்தில் வளர்ந்தவர்க்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வரைபடத்தில் விரலளவாகத் தோன்றும் வழி, வளைவிலும் மழையிலும் நீண்டுகொண்டே போகும். ஐரோப்பியச் சாலை அகன்றதே; ஆனால் ஓட்டுபவர் மனிதரே. பாரவண்டிச் சாரதி நான்கரை மணி நேரம் ஓட்டினால் நாற்பத்தைந்து நிமிடம் ஓய்வு கொள்ள வேண்டுமென்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே செய்திருக்கின்றது. தொழிலாக ஓட்டுபவர்க்கே அவ்விதியாயின், உல்லாசமாகச் செல்வோர் அதனினும் குறைவாக ஓட்டுதலன்றோ அறிவுடைமை?

இரண்டாவது குறிப்பு, பயணத்திற்கு ஒரு நோக்கம் வேண்டுமென்பது. ஏ. கே. செட்டியார் 1937 ஆம் ஆண்டு தொடங்கி நாடு நாடாக அலைந்தது, காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடித் தொகுப்பதற்காக. அவ்வொரு நோக்கமே 1940 இல் வெளிவந்த ஆவணப்படமாக முடிந்தது. நாடுகளை எண்ணிக்கொண்டு ஓடுபவன் பலவற்றைக் கடப்பான், எதனையும் காணான்.

ஆகவே, நாடுகள் ஒன்பதை ஐந்தாக்கினோம். பாரிஸிலிருந்து பெல்ஜியம் வழியாக ஜேர்மனியின் ஹம் நகர். அங்கே 2002 இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த்திருவிழா. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஈழத்துத் தமிழர் குடும்பம் குடும்பமாக வாகனமேறி அவ்விழாவிற்கு வருகின்றனர். பின்னர் லக்சம்பேர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூர். அதன்பின் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் பல சமயத்தார் ஒரே கூரையின்கீழ் வழிபடும், 2014 இல் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லம். அங்கிருந்து மீண்டும் பாரிஸ். ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீற்றர். நம் தீவின் நீளத்தைப்போல் நான்கு மடங்கிற்கு மேல். பன்னிரண்டு நாட்களுக்கு இதுவே போதும். மூன்று நாட்களில் வண்டி அசையவே கூடாது என்றும் எழுதி வைத்தோம்.

மூன்றாவது குறிப்பு, பத்திரங்களைப் பற்றியது. ஷெங்கன் விசா ஒன்றைக்கொண்டு இந்த ஐந்து நாடுகளுக்கும் செல்லலாம். 180 நாட்களுக்குள் 90 நாட்கள்வரை தங்கலாம். எந்த நாட்டில் மிகுதியாகத் தங்குகின்றோமோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். புறப்படுதற்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். இங்கிலாந்து இதில் அடங்காது. இங்கிருந்து செல்பவர் தாமும் வண்டி ஓட்ட எண்ணினால், சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றுச் செல்லல் நன்று. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். பிரான்சில் வாயில்தோறும் சாலைக் கட்டணம். சுவிற்சர்லாந்தில் 40 பிராங் கொடுத்து ஓராண்டு அனுமதி. ஜேர்மனியில் சிறு வாகனங்களுக்கு நெடுஞ்சாலைக் கட்டணம் இல்லை. இவற்றை முன்னரே அறிந்தவன் வழியில் கலங்கான்.

இவ்வளவும் ஓர் உல்லாசப் பயணத்திற்கா என்று சிலர் வினவலாம். என் கருத்து இங்கேதான் தொடங்குகின்றது.

நம் முன்னோரும் நெடும்பயணிகளே. தலைமன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். வழியில் மாண்டவர் பலர். அப்பயணத்தின் நாளையும் வழியையும் வகுத்தவர் பிறர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் 5,25,000 பேர் இந்தியாவிற்கு எனக் கணக்கிடப்பட்டனர். அதனையும் வகுத்தவர் பிறரே. என் பாட்டனாரின் தம்பி தகரப்பெட்டி ஒன்றுடன் கண்டியில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறினார். திரும்பி வருவதற்கான சீட்டு அவரிடம் இருக்கவில்லை. அவரை எங்கள் குடும்பத்தார் பின்னர் காணவுமில்லை. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது.

அத்தகையோரின் பேரன், தன் பெயர் பொறித்த கடவுச்சீட்டைக் கையில் ஏந்தி, புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் தானே குறிப்பது சிறிய செயலன்று. ஷெங்கன் ஊரைத் திட்டத்தில் சேர்த்ததும் இதன் பொருட்டே. 1985 ஆம் ஆண்டு ஜூன் 14 இல் ஐந்து நாட்டார் அங்கே, மோசெல் ஆற்றில் நின்ற கப்பலொன்றில், எல்லைச் சோதனையைத் தளர்த்த ஒப்பமிட்டனர். கப்பலொன்று மக்களைப் பிரித்ததையும் அறிவோம். கப்பலொன்றில் எல்லைகள் தளர்ந்ததையும் அறிதல் வேண்டாமா?

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பு மாணவர்க்கு ஆண்டுதோறும் பயணத் திட்டப் போட்டி ஒன்றை நடத்துங்கள். முதலில் பன்விலையிலிருந்து தலைமன்னார்வரை ஒரு திட்டம். அடுத்துக் கடல் கடந்த ஒன்று. வழி, நேரம், செலவு, பத்திரம், ஓய்வு, திரும்பும் நாள் அனைத்தையும் மாணவர் தாமே எழுதட்டும். வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் அவற்றைத் திருத்தித் தரட்டும். செல்வதற்குப் பொருள் இல்லாதவன் திட்டமிடக் கற்று என்ன பயன் என்பீராயின், திட்டமிடக் கல்லாதவனைப் பிறர் திட்டமிடுவர் என்பதே என் விடை.

எங்கள் விசா கிடைக்குமோ கிடையாதோ, அறியேன். திட்டத்தின் முதல் வரியில் மட்டும் நான் இப்படி எழுதியிருக்கின்றேன்: "பன்விலைக்குத் திரும்பும் நாள்." மற்றவையெல்லாம் அதன் பின்னரே.

வாழ்க நம் கல்லூரி.