பாலூட்டும் நேரத்துக்கும் கூலி வேண்டும்

‘பச்சப் புள்ளக்காரி எதுக்கு வேலைக்குப் போறா?’ என்று கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவள் போகாவிட்டால் அந்த வீட்டில் உலை எப்படி ஏறும் என்று கேட்பவர்களைத்தான் காணோம். சேரியில் பிள்ளை பெற்றவள் உடம்பு தேறுவதற்கு முன்பே களையெடுக்க இறங்குவது இன்றைக்கு நேற்றைக்கு நடப்பதல்ல. வரப்பு மரத்தில் சேலைத் தூளி, அதில் அழுகிற பிள்ளை, நிமிர்ந்து பார்த்தால் அதட்டுகிற நிலக்காரன். இதை நம் அம்மாக்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் அன்று பிள்ளை கூப்பிடு தூரத்தில் இருந்தது. இன்று வேலை தூரமாகிவிட்டது. பிள்ளை ஒரு ஊரில், பால் ஒரு ஊரில்.

தொண்டிக்குத் தெற்கே பாக் நீரிணையின் ஓரத்தில் இருக்கிற காரங்காட்டை வெளியூர்க்காரர்களுக்கு அலையாத்திக் காட்டால் தெரியும். வனத்துறைப் படகில் ஏறிக் காட்டைச் சுற்றிப் பார்க்கிறார்கள். ஊர்ப் பெண்கள் சமைத்த மீனையும் நண்டையும் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். வருகிறவர்களின் பயணத்துக்குப் படகு உண்டு, துடுப்பு உண்டு, உயிர்காக்கும் சட்டையும் உண்டு. சரி, இதே கடற்கரையிலிருந்து விடியுமுன் வெளியே போகிற பெண்களின் பயணத்துக்கு என்ன உண்டு?

மீன் கூடையோடு முதல் பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்.எஸ். மங்கலம் பக்கம் மிளகாய்ப் பழம் பறிக்கக் குட்டியானை வண்டியில் நின்றுகொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். தெற்கே மன்னார் வளைகுடாவில் அமாவாசை, பௌர்ணமி பார்த்துத் தீவுகளுக்குப் படகேறிப் பாசி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் கைப்பிள்ளைக்காரிகளும் உண்டு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பறித்த கைக்கு என்ன கிடைத்தது? எத்தனை முறை கழுவினாலும் எரிகிற கை. அந்தக் கையோடு மாரையும் தொட முடியாது, பிள்ளையையும் தொட முடியாது.

தாயின் உடம்பு காண்ட்ராக்டர் கடிகாரத்தைப் பார்த்துச் சுரப்பதில்லை. சில மணி நேரம் பிள்ளை குடிக்காவிட்டால் மார் கனக்கும், கல்லாகும், காய்ச்சல் வரும். கட்டிய பாலை எடுக்காமலே விட்டால் நாளடைவில் சுரப்பும் குறைந்துபோகும். பிறகு ‘இவளுக்குப் பால் பத்தல’ என்கிற பழியும் அவள் தலையில்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பிறகு இரண்டு வயதுவரை மற்ற உணவோடு தாய்ப்பாலும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பீச்சி எடுத்த பாலை வெளியே நான்கு மணி நேரம் வைக்கலாம் என்பது 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. நம் சித்திரை வெயிலில், ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், அந்தக் கணக்கு செல்லாது. புட்டிப்பால் கொடுக்கலாமே என்பார்கள். குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசுக்கு வாங்குகிற ஊரில், புட்டியைக் கொதிக்கவைக்க யார் தண்ணீர் தருவார்கள்? வயிற்றுப்போக்கு வந்தால் யார் பொறுப்பு?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் 352 பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நல்ல காரியம். ஆனால் அறை பேருந்து நிலையத்தில்தான் இருக்கிறது. விலக்கில் இறங்கி நடக்கிறவளுக்கு இல்லை, மீன் சந்தையில் இல்லை, மிளகாய்க் காட்டில் இல்லை. அது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவளுக்கான அறை. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவளுக்கு அறை மட்டும் போதாது, நேரமும் வேண்டும். 2021ல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. அதே ஆண்டு டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டியை ‘நாற்றம்’ என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். டிக்கெட் இலவசமானாலும் உழைக்கிற உடம்பின் மேலுள்ள தீட்டு இறங்கவில்லை. மீன் வாடைக்கே இறக்கிவிடுகிறவர்கள், பால் கசிந்து நனைந்த ரவிக்கையை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்று நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை என்று எழுதியது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது; ஐம்பது பேர் வேலைபார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 2020ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே கணக்குத்தான். எல்லாம் ‘நிறுவனம்’ என்ற சொல்லுக்குள் நிற்கிறது. நம் பெண்களுக்கு நிறுவனம் எது? குட்டியானை வண்டியா, மீன் கூடையா? தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து ஓராண்டு மகப்பேறு விடுப்பு கிடைத்தது. அதை நாம் குறை சொல்லவில்லை. அவளுக்குக் கிடைத்தது இவளுக்கும் வேண்டும் என்கிறோம்.

ஒரு சட்டம் மட்டும் வேறு மாதிரி யோசித்தது. 2005ஆம் ஆண்டு நூறுநாள் வேலைச் சட்டம், வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தால், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்து, அவளுக்கும் கூலி கொடு என்றது. மற்றவை தொழிலாளிகளை எண்ணின. இது பிள்ளைகளை எண்ணியது. நடைமுறையில் இதை எத்தனை இடத்தில் பார்த்தோம் என்பது வேறு கதை.

மேசை வேலை என்றால் எல்லாம் சுகம் என்றும் நினைக்க வேண்டாம். வங்கியில் குமாஸ்தாவாக இருக்கிற என்னை, விடுப்பு முடிந்த கையோடு வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இடைவேளை பத்து நிமிடம். கழிவறை வாஷ்பேசினில் பாலைப் பீச்சி ஊற்றினேன். அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளியும் கைப்பிள்ளைக்காரிதான். ‘ஒங்களுக்குப் பத்து நிமிசமாச்சும் குடுக்குறாங்க மேடம்’ என்றாள். ஒரே கட்டடம், ஒரே பால்கட்டு. எனக்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது, அவளுக்கு மேஸ்திரி நோட்டில்கூடச் சரியாக இல்லை. அந்தப் பத்து நிமிடத்துக்கும் அந்த இல்லாத நிமிடத்துக்கும் நடுவில் நிற்பது சாதியும் வர்க்கமும்தான்.

அண்ணல் அம்பேத்கர் 1928ல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்குப் பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். பெண்ணை வேலைக்கு வைத்து ஆதாயம் பார்க்கிற முதலாளி அந்தச் செலவில் பங்கேற்பதுதான் நியாயம் என்றார். நூறு ஆண்டு ஆகப்போகிறது. ஆலைச் சுவருக்குள் நின்ற அந்த நியாயத்தை இனியாவது வயலுக்கும் கடலுக்கும் பாதைக்கும் கொண்டுவர வேண்டும்.

நாம் கேட்பது இவைதான். பாலூட்டவும் பால் எடுக்கவும் ஆகிற நேரம் கூலியோடு சேர்ந்த நேரம். காண்ட்ராக்டர் அதைக் கழிக்கக்கூடாது. வேலையிடம் எதுவானாலும், தொழிலாளர் தலையை எண்ணாமல் பிள்ளைகளை எண்ணிக் காப்பாள் போட வேண்டும். பாலூட்டும் அறை முதல் பஸ்ஸுக்கே திறந்திருக்க வேண்டும், தண்ணீர் வர வேண்டும், சந்தைக்கும் விலக்குக்கும் வர வேண்டும். கைப்பிள்ளைக்காரியை வெளியூர் அனுப்புகிற அலுவலகம் பிள்ளைக்கும் துணைக்கு வருகிறவருக்கும் சேர்த்துச் செலவு கொடுக்க வேண்டும். நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: மாநாட்டுக்குப் பெண்கள் திரண்டு வரவேண்டும் என்று சுவரொட்டி ஒட்டுகிறீர்கள், பந்தலுக்குப் பின்னால் தண்ணீரோடு ஒரு தடுப்பும் கட்டுங்கள்.

ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தாய்ப்பாலின் பெருமையைப் பேசுவார்கள். பதினைந்தாம் தேதி கிராமசபை. அங்கே நம் பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், முன்வரிசையில் உட்கார்ந்து, இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதச் சொல்ல வேண்டும். எழுதி முடித்து வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.