சின்சில்லாவுக்கு வலிப்பு வந்தால்... முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்!

ரீல்ஸில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அணில் மாதிரி வால், முயலுக்கும் எலிக்கும் நடுவில் ஒரு முகம், பஞ்சு மூட்டை போல சாம்பல் நிற உடம்பு. அதுதான் சின்சில்லா. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் வீடுகளில் பல வருடங்களாகச் செல்லப்பிராணி. எடை அரைக் கிலோ சொச்சம்தான். ஆனால், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 வருடம் வரை, சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை படிப்பை முடித்து வேலைக்குப் போகும்போதும் அது கூண்டுக்குள் துள்ளிக்கொண்டிருக்கும்.

அப்படி வீட்டில் ஓர் ஆளாகிவிட்ட பிராணி, ஒரு நாள் திடீரென்று பக்கவாட்டில் சாய்கிறது. கால்கள் விறைக்கின்றன, பிறகு வெட்டி வெட்டி இழுக்கின்றன. தலை பின்னால் வளைகிறது. கூப்பிட்டால் திரும்பவில்லை. இது வலிப்பு.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். ரீல்ஸில் அது தூளில் விழுந்து சக்கரம் மாதிரி உருள்கிறதே, அது வலிப்பு இல்லை. நம் ஊர்க் கோழி மண்ணில் புரளுமே, அதே மண்குளியல்தான். முடிந்ததும் எழுந்து, உதறிவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். வலிப்பு வந்து அடங்கிய சின்சில்லா அப்படிப் போகாது. கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் மலங்க மலங்க விழிக்கும், தடுமாறும், சுவரில்கூட முட்டும்.

நம் வீடுகளில் மனிதர்களுக்கு வலிப்பு வந்தால் உடனே சாவிக்கொத்தைத் தேடுவார்கள். கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பது நம்பிக்கை. நிற்கவும் செய்யும். ஏனென்றால் பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் யார் எதைச் செய்தாலும், பேர் அதற்குப் போய்விடுகிறது. சின்சில்லா வளர்ப்பவர்களிடமும் இந்தச் சாவிக்கொத்து வேறு உருவத்தில் இருக்கிறது. ஒருவர் வாயில் உலர்திராட்சை திணிப்பார், ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவார், இன்னொருவர் இறுக்கி அணைத்துக்கொள்வார். அடங்கியதும், 'நல்லவேளை, சரியாகிவிட்டது' என்று எல்லோரும் தூங்கப் போய்விடுவார்கள். வலிப்பைக் கொண்டுவந்த காரணம் மட்டும் அப்படியே உடம்புக்குள் இருக்கும். வலிப்பைவிட ஆபத்தானது இந்த நிம்மதிதான் என்பது என் எண்ணம்.

அதனால் அந்த ஓரிரு நிமிடங்களில் கையைக் கட்டிக்கொள்வதே நல்லது. வாயில் எதையும் வைக்க வேண்டாம். சுயநினைவு இல்லாத நேரத்தில் அதனால் விழுங்க முடியாது. சின்சில்லாவுக்கு வாந்தி எடுக்கும் திறனும் கிடையாது. உள்ளே போனது மூச்சுக்குழாயை அடைத்தால் அவ்வளவுதான். இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம், எலும்புகள் மெல்லியவை. பயந்தால் பிடித்த இடத்து முடியைக் கொத்தாக உதிர்த்துவிடும் சுபாவமும் அதற்கு உண்டு. கூண்டின் மேல்தட்டில் இருந்தால் மட்டும் மெதுவாகக் கீழே இறக்கி, சுற்றிலும் துண்டை வையுங்கள். விளக்கையும் டி.வி-யையும் அணையுங்கள்.

பிறகு போனை எடுங்கள். ஸ்டேட்டஸ் போடுவதற்காக அல்ல, வீடியோ எடுப்பதற்கு! நீங்கள் மருத்துவரிடம் போய்ச் சேரும்போது பிராணி சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கம் இழுத்தது, கண் எப்படி இருந்தது, எத்தனை நிமிடம் நீடித்தது என்று பதற்றத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. வீடியோ எல்லாவற்றையும் சொல்லிவிடும். அது வலிப்பே இல்லை, காதுக்குள் சீழ் பிடித்ததால் தலை சாய்ந்து உருள்கிறது என்றுகூட அதைப் பார்த்து மருத்துவர் சந்தேகிக்கலாம். 5 நிமிடம் தாண்டியும் அடங்கவில்லை, அல்லது அடங்கி மறுபடி வருகிறது என்றால் வீடியோவை நிறுத்திவிட்டு உடனே கிளம்புங்கள்.

சரி, வலிப்பு ஏன் வருகிறது? முதலில் பார்க்க வேண்டியது அறையின் வெப்பம்.

சின்சில்லாவின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. மலைக்குளிருக்கென்றே ஒரு வேர்க்காலிலிருந்து 50-க்கும் மேற்பட்ட முடிகள் முளைக்கும். அந்த முடிக்காகவே வேட்டையாடி, காட்டில் அந்த இனத்தையே ஏறக்குறைய துடைத்துவிட்டார்கள் என்பது தனிக்கதை. சிலி நாட்டுச் செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்க இன்ஜினீயர், 1923-ல் 11 சின்சில்லாக்களை கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். மலையிலிருந்து ஒரேயடியாக இறக்கினால் வெக்கை தாங்காது என்று, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிப் பழக்கினார். பயணத்தில் கூண்டுகளுக்கு ஐஸ் வைத்துக் குளிர்ச்சி கொடுத்தார். இன்று அமெரிக்க வீடுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தப் 11-ன் வம்சம்தான். நூறு வருடம் ஆகியும் உடம்பு மாறவில்லை. 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரை சுகம். 27 டிகிரி தாண்டினால் ஆபத்து, காற்றில் ஈரப்பதமும் சேர்ந்தால் அதற்கு முன்பே.

குளிர் நாடுதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. 2022 ஜூலையில் இங்கிலாந்திலேயே வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. அங்கே பெரும்பாலான வீடுகளில் ஏ.சி கிடையாது. காது சிவப்பது, மல்லாந்து படுப்பது, வாயால் மூச்சு வாங்குவது, எச்சில் ஒழுகுவது... வலிப்புக்கு முன் வெப்பம் காட்டும் அடையாளங்கள் இவை. நமக்கு முதலில் தோன்றுவது ஃபேனைப் போடுவதுதான். ஆனால், அதற்கு வியர்க்காது. வியர்க்காத உடம்புக்கு ஃபேன் காற்றால் பெரிய பலன் இல்லை. ஏ.சி அறைக்கு மாற்றுங்கள். குளிர்ந்த டைல்ஸ் அல்லது கிரானைட் பலகை மேல் படுக்க விடுங்கள். காதுகளை ஈரத்துணியால் ஒற்றுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்குகிற வேலை மட்டும் வேண்டாம். சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் ராத்திரியில்கூட வெக்கை இருக்கும். ரீல்ஸ் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் கரன்ட் பில்லையும் பவர் கட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

வெப்பம் இல்லையென்றால், அடுத்து தீவனக் கிண்ணத்தைப் பாருங்கள். சின்சில்லாவின் சாப்பாடு காய்ந்த புல். வைக்கோல் அல்ல, திமோத்தி போன்ற புல். கூடவே அளவாக அதற்கான பெல்லட். ஆசையாக விதை, கொட்டை, உலர்பழம் என்று கொடுத்துப் பழக்கினால் புல்லை ஒதுக்கிவிடும். விதைகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அந்தக் கணக்கு தவறினால் தசைகள் இழுத்துக்கொள்ளும். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய்க்குக் கால்சியம் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பழைய, சத்துப்போன தீவனம் என்றால் தயாமின் எனும் வைட்டமின் பி1 குறைந்து நடுக்கமும் வலிப்பும் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலேயே தேறிவிட வாய்ப்பு உண்டு.

அப்புறம் அதன் பல். வாழ்நாள் முழுக்க வளர்கிற பல் என்பதால் எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் திறந்துவிடும்போது பழைய பெயின்ட் அடித்த ஜன்னல் சட்டத்தைக் கொறித்தால் ஈயம் உடம்பில் ஏறும். ஈய விஷத்தின் ஒரு முகம் வலிப்பு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், முறிக்க மருந்தும் உண்டு. 'ஜன்னலைக் கொறித்தது' என்று நீங்கள் சொன்னால்தான் மருத்துவருக்கு அந்தப் பரிசோதனை தோன்றும்.

பூஞ்சை பிடித்த தீவனம், அசுத்தமான கூண்டு வழியாக லிஸ்டீரியா என்ற பாக்டீரியா மூளைவரை போவதும் உண்டு. அதில் பிழைப்பது கஷ்டம். இன்னொன்று, நம் உதட்டோரம் வரும் ஹெர்பிஸ் கொப்புளத்தின் வைரஸ் சின்சில்லாவின் மூளையைத் தாக்கியதும் பதிவாகியிருக்கிறது. கொப்புளம் இருக்கும்போது முத்தம் வேண்டாமே!

மருத்துவர் விஷயத்தில் ஒன்று. நாய், பூனை பார்க்கிற எல்லோரும் சின்சில்லா பார்ப்பதில்லை. வலிப்பு வந்த ராத்திரியில் தேடிக்கொண்டிருக்க முடியாது, பிராணியை வாங்கும்போதே யாரிடம் போவது என்று விசாரித்து நம்பரை போனில் வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பை நிறுத்தும் ஊசி அவர்கள் கையில் இருக்கிறது, அடிக்கடி வந்தால் தினசரி மருந்தும் கொடுப்பார்கள். நீங்களாக வீட்டிலிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமாக எழுதிக் கொடுக்கும் அமாக்ஸிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால், அதன் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து உயிரே போகலாம்.

வலிப்பு அடங்கிய பிறகு இருட்டான, குளிர்ந்த இடத்தில் விடுங்கள். நன்றாகத் தெளிந்ததும் புல்லும் தண்ணீரும் பக்கத்தில் வையுங்கள். அது சாப்பிடுகிறதா என்று பாருங்கள், கூண்டில் விழும் புழுக்கையை எண்ணுங்கள். சின்சில்லாவின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய மெஷின். வலிப்பில் தப்பித்த பிராணி, சாப்பிடாமல் குடல் நின்று போய்ச் சாவதும் நடக்கிறது. 12 மணி நேரம் புல்லைத் தொடவில்லை, அல்லது புழுக்கை சிறுத்துக் குறைகிறது என்றால், மறுபடி வலிப்பு வராவிட்டாலும் மருத்துவரிடம் கிளம்பிவிடுங்கள்.