எல்லைக்கோடு எழுதும் தலைவிதி

தலைவிதியைப் பிரமன் எழுதுகிறான் என்பர் பழைமை விரும்பிகள். அமெரிக்க நாட்டிலே அந்த வேலையை நில அளவையாளன் செய்கிறான். தெருவின் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இப்பால் பிறந்த பிள்ளைக்கு ஆய்வுக்கூடமும் நூலகமும்; அப்பால் பிறந்த பிள்ளைக்கு ஒழுகும் கூரையும் கிழிந்த புத்தகமும்! அந்தக் கோட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் 'பள்ளி மாவட்டம்'. பெயரைக் கேட்டால் ஆட்சித்துறைச் சொல்லாகத் தோன்றும். உள்ளே நுழைந்து பார்ப்போர்க்குத்தான் அது மதில் என்பது விளங்கும்.

பள்ளி மாவட்டம் என்பது அங்கே தனியொரு சிற்றரசு. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு உண்டு. எல்லைக்குள் உள்ள வீடு, கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் மதிப்பின்மீது வரி பெறும் வழி உண்டு. அந்த வரியைத் தன் எல்லைக்குள் உள்ள பிள்ளைகளுக்கே செலவிடும் உரிமையும் உண்டு. நியூயார்க் நகரையடுத்த நாசோ என்னும் ஒரே கவுண்டியில் இத்தகைய சிற்றரசுகள் 56! இவை வளர்ந்த வரலாற்றை அறிய, லெவிட்டவுன் என்னும் ஒரு புறநகரைப் பார்த்தால் போதும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. போர்முனையினின்று மீண்ட இளைஞர்க்கு மணமாயிற்று, மக்கள் பிறந்தனர், குடியிருக்க வீடில்லை. 1947-ஆம் ஆண்டு, உருளைக்கிழங்கு விளைந்த வயல்களிலே லெவிட் நிறுவனத்தார் வீடு கட்டத் தொடங்கினர். தொழிற்சாலையில் கார்கள் உருவாவது போல வீடுகள் எழுந்தன. 1951-க்குள் 17,447 வீடுகள்! உழைத்துப் பிழைக்கும் குடும்பம் தனக்கென ஒரு கூரையைப் பெற்றது. இதைப் பாராட்ட நாம் தயங்கவில்லை. எளியோர்க்கு இல்லம் கிடைப்பது கண்டு முகம் சுளிப்பவன் சீர்திருத்தக்காரன் அல்லன்.

ஆனால், எந்த எளியோர்க்கு? அங்கேதான் நஞ்சு கலந்தது. வெள்ளையர் அல்லாதார் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது என்னும் விதி, தொடக்ககால ஒப்பந்தத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. அதே போரில், அதே கொடியின்கீழ்க் குருதி சிந்திய கறுப்பின வீரன், வெள்ளை வீரனுக்குத் திறந்த கதவின்முன் நின்று திரும்பினான். இத்தகைய கட்டுப்பாடுகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்து அழிந்தது, எண்ணம் அழியவில்லை. வீட்டுச் சிக்கலைத் தீர்க்கலாம், இனச் சிக்கலைத் தீர்க்கலாம், இரண்டையும் சேர்த்துத் தீர்க்க முடியாது என்பது வில்லியம் லெவிட்டின் வாதம். வணிகனின் கணக்கிலே மானிடம் செலவுப் பகுதியில் எழுதப்பட்டது!

வீடுகள் நிறைந்தால் பிள்ளைகள் நிறைவர். பிள்ளைகள் நிறைந்தால் பள்ளிகள் எழ வேண்டும். விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகள் படித்த கிராமப் பள்ளி மாவட்டம், சில ஆண்டுகளில் ஆயிரமாயிரம் பிள்ளைகளைத் தாங்க வேண்டியதாயிற்று. லெவிட் கட்டிய ஊர் ஒன்று. ஆனால் பழைய வயல்வெளிக் காலத்து எல்லைகள் அப்படியே நின்றன. லெவிட்டவுன், ஐலண்ட் ட்ரீஸ், ஈஸ்ட் மெடோ, ஹிக்ஸ்வில் எனப் பல மாவட்டங்கள் ஒரே ஊரைக் கூறுபோட்டுக் கொண்டன.

அந்த ஊரிலோ பெருந்தொழிற்சாலை இல்லை. வரி சுமக்கவல்ல பெருவணிகம் மிகுதியாக இல்லை. சிறு வீடுகளே எங்கும். ஆகவே பள்ளியின் சுமை முழுவதும் சிறு வீட்டுக்காரன் தோளில் விழுந்தது. வரியை உயர்த்தினால் அவன் முதுகு முறியும்; உயர்த்தாவிடின் அவன் மகனின் படிப்பு முறியும். பிறரைத் தடுக்க எழுந்த மதில், உள்ளிருந்தவனையே சிறையிட்டது. என்னே வரலாற்றின் நகைப்பு!

1974-இல் லெவிட்டவுன் மாவட்டமே நியூயார்க் மாநிலத்தின்மீது வழக்குத் தொடுத்தது. வாதிகளாக நின்றவை 27 பள்ளி மாவட்டங்கள். நியூயார்க், பஃபலோ, ராச்செஸ்டர், சைராகுஸ் ஆகிய பெருநகரங்களும் இணைந்து கொண்டன. செல்வம் செழித்த மாவட்டம் குறைந்த விகிதத்தில் வரி செலுத்தி நிறையச் செலவிடுகிறது, நாங்களோ மிகுந்த விகிதத்தில் செலுத்தியும் குறைவாகவே பெறுகிறோம் என்பது அவர்களின் முறையீடு. 1982-இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் விடை கூறிற்று. ஏற்றத்தாழ்வு இருப்பதை அது மறுக்கவில்லை. ஆயினும், அடிப்படைக் கல்வி கிடைத்தால் போதும், சமமான செலவு வேண்டுமென அரசமைப்புச் சட்டம் சொல்லவில்லை, உள்ளூர் ஆட்சியுரிமையைக் காப்பது தக்க காரணமே என்றது!

உள்ளூர் ஆட்சியுரிமை! கேட்க இனிக்கும் சொல். அதன் இன்னொரு முகத்தையும் அதே ஊர் காட்டிற்று. 1976-இல் ஐலண்ட் ட்ரீஸ் மாவட்டக் குழு, பள்ளி நூலகத்தினின்று ஒன்பது புத்தகங்களை அகற்ற முடிவு செய்தது. கறுப்பின எழுத்தாளர்தம் சிறுகதைகளை லாங்ஸ்டன் ஹியூஸ் தொகுத்த நூல் அவற்றுள் ஒன்று. ரிச்சர்ட் ரைட்டின் 'பிளாக் பாய்' நூலைப் பெற்றோர் இசைவின்றிப் படிக்கலாகாது என்றனர். கறுப்பனை ஊருக்குள் விடாதவர்கள், அவன் எழுத்தையும் அலமாரியில் விடவில்லை! ஸ்டீவன் பிக்கோ உள்ளிட்ட மாணவர்கள் எதிர்த்து நின்றனர். 1982-இல் உச்ச நீதிமன்றம் நூலுக்குள் இருக்கும் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நூலை அகற்ற முடியாது என்னும் பக்கம் சாய்ந்தது. வரியில் தோற்ற ஊர் வாசிப்பில் வென்றது. வென்றவர்கள் பெரியவர்கள் அல்லர், பிள்ளைகள்!

இது ஒரு மாநிலத்தின் குறை மட்டுமோ? டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவுக்கு வாருங்கள். எட்ஜ்வுட் மாவட்டத்தில் பெரும்பாலோர் மெக்சிக வழியினரான ஏழைகள். ஆலமோ ஹைட்சில் பெரும்பாலோர் வசதியுள்ள வெள்ளையர். 1967-68-இல் எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வரி கொடுத்தனர். மாணவனுக்குக் கிடைத்தது 26 டாலர். ஆலமோ ஹைட்ஸ் கொடுத்ததோ 85 சென்ட்; கிடைத்தது 333 டாலர்! ஏழை அதிகம் கொடுத்தான், குறைவாகப் பெற்றான். டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்னும் தந்தையும் பிற பெற்றோரும் வழக்காடினர். 1973-இல் உச்ச நீதிமன்றம், ஐவர் ஒரு பக்கம் நால்வர் மறுபக்கமாகப் பிரிந்து, கல்வி கூட்டாட்சி அரசமைப்பு உறுதியளித்த அடிப்படை உரிமை அன்று எனத் தள்ளியது. மறு ஆண்டு டெட்ராய்ட் வழக்கு. நகரையும் 53 புறநகர் மாவட்டங்களையும் இணைத்து இனப்பிரிவினையைக் களையும் திட்டம் அதே ஐந்துக்கு நான்கு கணக்கில் வீழ்ந்தது. 1954-இல் பிரிவினை செல்லாது என்ற மன்றம், 1974-இல் எல்லைக்கோடு செல்லும் என்றது! நீதிபதி தர்குட் மார்ஷல் இரு தீர்ப்புகளையும் எதிர்த்து எழுதினார்.

மறுப்போர் சொல்வதையும் கேட்போம். "எம் உழைப்பால் வாங்கிய வீடு, எம் வரி, எம் பிள்ளைக்கு" என்கிறார்கள். உழைப்பு உமதே, மறுக்கவில்லை. ஆனால் உம் வீட்டுக் கடனுக்கு ஈடு நின்றது யார்? கூட்டாட்சி அரசு! வெள்ளையர் குடியிருப்பாக இருந்தால் கடன் பாதுகாப்பானது என அதிகாரிகளுக்குக் கையேடு எழுதித் தந்ததும் அதே அரசின் வீட்டுவசதி நிர்வாகம்! பொதுப்பணத்தை அடித்தளமாக்கி எழுப்பிய மதிலைத் தனிச்சொத்து என்பது எந்த அறம்?

"பணத்தால் மட்டும் கல்வி வளராது" என்கிறார்கள் வேறு சிலர். நன்று! வகுப்பறையில் நிற்கும் ஆசிரியன் நான். சுண்ணக்கட்டிக்கும் சோதனைக் குழாய்க்கும் விலை உண்டு என்பதை அறிவேன். பணம் பயனற்றது என்றால், ஆலமோ ஹைட்சின் பணத்தை எட்ஜ்வுட்டுக்கு மாற்றிவிடுவோமே! அப்போது மட்டும் ஏன் பதைக்கிறீர்?

"வேறு வழியில்லை" என்பது கடைசிக் கேடயம். வழி இருக்கிறது. ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம்! வட கரோலினாவின் ராலே நகரப் பள்ளிகளும் சூழ்ந்திருந்த வேக் கவுண்டிப் பள்ளிகளும் 1976-இல் ஒன்றாயின. டெக்சாசிலேயே, கூட்டாட்சி மன்றத்தில் தோற்ற எட்ஜ்வுட் மக்கள் மாநில மன்றத்தை நாடினர். 1989-இல் அந்த மன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் நின்றது. 1993-இல், செல்வ மாவட்டத்தின் வரியில் ஒரு பகுதியைப் பிறருக்கும் பகிரும் சட்டம் வந்தது. வானம் இடிந்து விழவில்லை; வசதியான பள்ளிகள் மூடப்படவும் இல்லை.

லெவிட்டவுனுக்குச் சில மைல் தொலைவில் ரூஸ்வெல்ட் மாவட்டம் இருக்கிறது. கறுப்பினத்தாரும் பின்னர் லத்தீன் அமெரிக்க வழியினரும் நிறைந்த ஊர். வரி பெறத் தக்க சொத்து குறைந்த ஊர். அங்கே பள்ளிகள் சீர்குலைந்தபோது, 2002-இல் மாநில அரசே நிர்வாகத்தை மேற்கொண்டது. 2013-இல்தான் திரும்ப ஒப்படைத்தது. நிர்வாகி மாறினார்; எல்லை மாறவில்லை. நோய்க்கு மருந்து கேட்டால் மருத்துவரை மாற்றித் தருவதா?

புறநகர்ப் பள்ளி மாவட்டத்தின் வளர்ச்சியைக் கட்டடத்தால் அளக்கிறார்கள். மாணவர் தொகையால் அளக்கிறார்கள். வீட்டு விலையால் அளக்கிறார்கள். நாம் கேட்கும் அளவுகோல் ஒன்றே. கோட்டுக்கு அப்பால் நிற்கும் பிள்ளைக்கு அந்த வளர்ச்சியில் பங்கு உண்டா? இல்லையெனில் அது வளர்ச்சி அன்று, வீக்கம். பிள்ளைகள் கோடு போட்டுக் கொண்டு பிறப்பதில்லை. போட்டவர் மனிதர், அழிக்க வேண்டியவரும் மனிதரே!