பேரும் அரைப்பேரும்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை என்பது பேர் வாங்கியவர்களின் இடாப்பு. பூனாகலைத் தோட்டங்களிலோ 'பேர்' என்றால் ஒருநாட் சம்பளம். வாசகர்களே, இவ்விரண்டையும் சற்றே ஒப்பு நோக்குவோம்.

அரசியல்: 2024 நவம்பர் 14ஆந் திகதித் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேல் பாராளுமன்றம் புகுந்தார். மலையகப் பெண்ணொருத்தியின் பேர் அவ்விடாப்பிலும் ஏறியது. வாழ்க!

விளையாட்டு: 2010 ஜூலை 22இல் காலியில் முத்தையா முரளிதரன் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவரின் பேரர் அவர். 799இல் நின்றிருந்தாலும் அவருக்கு அரைப்பேர் போடத் துணிபவர் யார்?

நாகரிகம்: மலைநாடு காண வரும் பயணிகள் சிலர் சேலையுடுத்து, கொழுந்துக் கூடை மாட்டிப் படம் பிடித்துக்கொள்கின்றனர். அட்டை கடிக்குமுன் கழற்றிவிடலாம் என்பதே இந்நாகரிகத்தின் தனிச் சிறப்பு.

விஞ்ஞானம்: மின்னணுத் தராசு கொழுந்தை நுட்பமாக நிறுக்க வல்லது. ஆயினும் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் கிலோவை அது அறியாது. அந்த இரகசியம் கணக்கெழுதும் பேனாவுக்கே தெரியும். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவென்று வர்த்தமானி அறிவித்தது. உடனே பல தோட்டங்களில், பறிக்கவேண்டிய கிலோவும் மலையேறிவிட்டது! அதில் குறைந்தால் முழுநாள் உழைப்பும் அரைப்பேராகும்.

பிறர் பேர் வாங்கட்டும், மகிழ்வோம். முழுநாளும் மலையில் நின்றவளுக்கு முழுப்பேர் என்னும் செய்தி எந்த வாரத்தில் வருமோ, அந்த வாரப் பத்திரிகையே நமக்குத் தீபாவளி மலர்.